மாமாவின் மாத்திரை உறை பற்றி ஸ்ரேயா சொன்னது

பெயர் ஸ்ரேயா, வயது 27, கணவர் பெயர் மனோஜ், பெரிய காஞ்சிபுரம். பி.காம். படித்து, பட்டுச் சேலைக் கடை ஒன்றில் பில் போடும் வேலை செய்து வருகிறேன். விசாரிக்கையில் சொல்வது பின்வருமாறு.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர், மாமனார் வர்த்தமானன், மாமியார் தயாவதி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் மீதும் மாமியார் மீதும் என் தகப்பனார் தரணேந்திரன் கொடுத்த புகார் சம்பந்தமாக என்னை வீட்டுக்கே வந்து விசாரிப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் மாமா இருப்பார், அவர் காதில் இது விழக்கூடாது என்பதால் நானே காவல் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் துர்கா அவர்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் சமணர்கள். மாமா நெல் மண்டி வைத்திருந்தவர். பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிட மாட்டார், தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார், கடையில் பிஸ்கட் வாங்கினாலும் சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். சென்ற வருடம் மண்டியில் பேச்சு குழறி விழுந்துவிட்டார். சென்னையில் ஸ்கேன் எடுத்து மூளையில் கட்டி என்று சொல்லி அறுவை செய்தார்கள், முழுவதும் எடுக்க முடியவில்லை என்றார்கள். அதன் பிறகு கதிர்வீச்சு கொடுத்து, கூடவே கேப்சூலும் கொடுத்தார்கள். நர்ஸ் கொடுத்ததை மாமா எதுவும் கேட்காமல் விழுங்கினார். அதன் பிறகு அதே மருந்தை மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். படுக்கப் போகும்போது சாப்பிடலாம் என்றார்கள். இருட்டினபின் மாமா வாயில் எதுவும் போடமாட்டார் என்பதால் டாக்டரிடம் கேட்டுக் காலையில் என்று மாற்றிக்கொண்டோம்.

அதன் பிறகு ஒரு நாள் மருந்துக் கடைக்கு மாமாவும் என்னோடு வந்தார். கடையில் இருந்த வசந்த் என்பவரிடம், “இந்த மேலுறை எதுல செய்றாங்க தம்பி?” என்று கேட்டார். வசந்துக்குப் பொய் சொல்ல வராது. “மாட்டு எலும்பு, தோலுல இருந்து எடுக்கறதுங்க ஐயா” என்றார். மாமா மருந்தை அங்கேயே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், “தெரியாம இத்தினி நாளா தின்னுக்கினு இருந்தேனேம்மா” என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த மாதம் அவர் மருந்து சாப்பிடவில்லை. டாக்டர் போனில் கோபித்துக்கொண்டார். உயிர் சேராத உறையில் இந்த மருந்து கிடைக்குமா என்று என் கணவர் விசாரிக்காத இடமில்லை, கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான்தான் மாமாவிடம், உறையைப் பிரித்துப் பொடியை மட்டும் கொடுத்தால் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேப்சூலைப் பிரிக்கக் கூடாது என்று வசந்த் சொல்லியிருந்தார். பிரித்தால் மருந்தின் வேகம் குறையும், அதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நோய் தீர்க்கிற மருந்து, பிரிக்கிற கைக்குக் கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்து சாப்பிட மாமா சம்மதித்த சந்தோஷத்தில் டாக்டரிடம் கேட்கவும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து மருந்து நாட்களில் அடுப்படியில் உட்கார்ந்து உறையைத் திருகிப் பிரித்து, பொடியை வெல்லத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் தேன் சேர்ப்பதில்லை. உறைக்குள் ஒட்டிக்கொண்டதை விரலால் தட்டி, வராவிட்டால் வாயால் ஊதி எடுத்தேன். வெறும் உறையைக் குப்பையில் போட மாமா விடவில்லை. “அது ஒரு ஜீவனோட எலும்பும்மா, மண்ணுல போடு” என்றார். கொல்லையில் அரளிச் செடியடியில் நான் குழி பறிப்பேன். மண்ணில் புழு பூச்சி இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் போடச் சொல்வார். போட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ணமோகார மந்திரம் சொல்வார்.

அதன் பிறகு நான் கருவுற்றேன். மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். வாய் கோணிக்கொண்டு போனாலும், “பி.காம். மருமவளே, புள்ளைக்கு வாய்ப்பாடு நான்தான் சொல்லிக் குடுப்பேன்” என்று கேலி பேசுவார். அத்தை, “புள்ளத்தாச்சி நீ எதுக்குமா அடுப்படில குந்திக்கினு, குடு நான் பிரிக்கிறேன்” என்று வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கை நடுக்கம் இருக்கிறது. பொடி தரையில் கொட்டிவிட்டது. அதை என் புடவைத் தலைப்பால் துடைத்து எடுத்துவிட்டு, இனிமேல் நீங்கள் தொடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னது நான். ஆகையால் என் மாமியார் என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று புகாரில் இருப்பது உண்மை இல்லை.

நாலாம் மாதம் கடையில் இருக்கும்போது வயிற்று வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குழந்தை தங்கவில்லை. அங்கே லேடி டாக்டர், வீட்டில் யாராவது ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். என் கணவர் மாமாவின் மருந்துப் பேரைச் சொல்லி, நான் உறை பிரிப்பதையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பொடியை யாருமே தொடவோ மூச்சில் இழுக்கவோ கூடாது, கர்ப்பிணி கிட்டவே போகக் கூடாது என்றார். அதனால்தான் போனதா என்று கேட்டேன். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். அறுதியிட்டுச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை.

என் தகப்பனார் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுவிட்டு நேராக இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார். பெற்றவருக்கு வயிறு எரியத்தான் செய்யும், அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது.

அதன் பிறகு மாமாவுக்கு அடுத்த மாத மருந்து நாள் வந்தது. பிரித்துக் கொடுக்க முடியாது. குழந்தை போனது மாமாவுக்குத் தெரியும், ஆனால் பிரிக்காத காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. ஒரு மாட்டுக்காக அப்படி அழுதவர், பேரப்பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கலாம் என்று தெரிந்தால் மருந்தைத் தொடமாட்டார், அதன் பிறகு சாப்பாட்டையும் தொடமாட்டார். நான் முழு கேப்சூலைக் கையில் கொடுத்து, “மாமா, கம்பெனிக்காரன் மாத்திட்டான், இப்ப செடியில இருந்து உறை செய்றாங்களாம்” என்று சொன்னேன். “நெசமாவாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் பொய் பேசுகிற வழக்கம் இல்லை, அதனால் நம்பி விழுங்கினார்.

அன்று சாயங்காலம் அவர் கொல்லையில் அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “இனிமே இங்க பொதைக்க ஒண்ணும் இல்லம்மா, நல்லதாப் போச்சு” என்றார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் மாமியார் மீதும் கணவர் மீதும் நடவடிக்கை வேண்டாம். மாமாவை விசாரிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ள பொய் ஒன்றே ஒன்றுதான், அது மாமாவிடம் சொன்னது, அதை நாளைக்கும் சொல்வேன். மற்றது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ம. ஸ்ரேயா