மாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்

தேத்தண்ணியைக் குடியுங்கள், மேனுகா மிஸ். இஞ்சி தட்டிப் போட்டது, ஆறினால் நல்லாயிராது. மனநல கிளினிக்கிலிருந்து காத்தான்குடி வரை தேடி வந்து, என் மருமகன் ஸியாமின் வைத்தியத்தில் எங்கே பிழை நடந்தது என்று கேட்கிறீர்கள். உங்கள் வைத்தியத்தில் ஒரு பிழையும் இல்லை.

மகள் இர்ஷானாவுக்கு இந்த வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நான் பழைய ஆள். மருமகன் முகத்துக்கு நேரே நின்று பேசமாட்டேன். சொல்ல வேண்டியதை உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று சொல்வேன். அது மரியாதை.

அவருக்கு ஆளில்லாத குரல் கேட்கத் தொடங்கியது கல்யாணம் முடித்து மூன்றாம் வருடம். நீங்கள் வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசினீர்களே, அன்றைக்குத்தான் அந்தக் குரல் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிந்தது. 'நீ இந்த வீட்டுக்கு ஆகாதவன். உன் கையாலதான் அவளுக்கு ஆபத்து.' குரல் கேட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் விசாரிக்கச் சொன்னீர்கள். அந்த ஆளுக்குக் கேட்கவில்லை என்றால் அது நோயின் குரல். கொப்பியில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். யாரிடம் விசாரிப்பீர்கள் என்று அவரைக் கேட்டீர்கள்.

"மாமிட்டக் கேப்பன். மாமி பொய் சொல்ல மாட்டா."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொப்பி நல்லபடிதான் போனது. நாளுக்குப் பத்தாக இருந்தது கிழமைக்கு ஒன்றாகியது. புடவைக் கடையில் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னார். இர்ஷானா பழையபடி சிரிக்கத் தொடங்கினாள். அங்கேதான் எனக்குச் சிக்கல். என் கூடப்பிறந்த நானாவின் மகன் றமீஸ் கட்டாரிலிருந்து வந்து அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊர் அவளைப் பைத்தியக்காரன் பெண்சாதி என்று சொல்வதை எத்தனை நாளைக்குத்தான் நான் காதில் வாங்குவது? பிரிகிற பேச்சை எடுத்தாலே, "அவருக்குச் சுகமாகிட்டு வருது உம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

ஆகவே, சுகமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் தறி வேலைக்குப் போன பிறகு, திரைக்குப் பின்னால் நின்று, ஆண்குரல்போலத் தாழ்த்தி, அதே இரண்டு வசனத்தைச் சொல்வேன். புதிதாக ஒரு சொல்லும் சேர்த்ததில்லை. அவர் எழுந்து திரையடிக்கு வருவார்.

"மாமி, இப்ப ஆரும் பேசின சத்தம் கேட்டிச்சா?"

"இல்ல மகன். ஒருத்தரும் பேசல்ல."

போய் எழுதிக்கொள்வார். கொப்பி நிறைய நிறைய டொக்டர் மருந்தைக் கூட்டினார். கை நடுங்கிச் சோற்றைச் சிந்தினார், பாவம். நான்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினேன்.

ஆனால் அவர் கெட்டிக்காரர். நான் ஓட்டமாவடியில் தங்கச்சி வீட்டில் நின்ற பதினொரு நாளும் கொப்பி வெறுமையாகக் கிடந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் பழக்கிய மாதிரியே ஆதாரம் தேடி, உங்களிடமே கொண்டு வந்தார். "மிஸ், அது மாமிட குரல்" என்றார். எல்லாரையும் இருத்தி வைத்துக் கேட்டீர்கள். நான் அழுதேன். இர்ஷானா, "என்ட உம்மாவயா சொல்றீங்க?" என்று எழுந்து போனாள். நோயோடு சந்தேகமும் கூடியிருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நோயாளி, நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள். யாரை நம்புவீர்கள்?

அதற்குப் பிறகு அவர் தன் காதை நம்பவே இல்லை. தன் கையால் இர்ஷானாவுக்கு ஏதும் ஆகிவிடும் என்று பயந்து, தானாகவே ஏறாவூரில் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது திரையடியில் வந்து நின்று, "மாப்புத் தாங்க மாமி. உங்களப் போய்ப் பிழையா நினைச்சிட்டன்" என்றார்.

போன கிழமை இர்ஷானா அவரைப் பார்க்கப் போனாள். கிணற்றடியில் இருந்தவரைப் பின்னால் நின்று மூன்று தரம் கூப்பிட்டாளாம். திரும்பவில்லை. நாலாந்தரம் கூப்பிட்டபோது குசினியைப் பார்த்து, "ராத்தா, ஆரும் கூப்பிட்டாங்களா?" என்றாராம். அடுப்படியில் நின்ற ராத்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்றாளாம். அவர் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாராம். அதற்குமேல் அங்கே நிற்க இவளால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து, பிரிவதற்குக் காதியாரிடம் எழுதிக்கொடுக்கச் சம்மதம் என்றாள்.

நீங்கள் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள்: அவர் கேட்ட மாப்பை நான் அன்றைக்கே மனதாரக் கொடுத்துவிட்டேன். என்னைப் பற்றி அப்படி ஒரு அபாண்டம் சொன்னதற்காக, அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.