நாளைக்குத் தொடங்கும் பாலிசி

பழைய கார் வாங்க வருகிறவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதே இல்லை. பானெட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள், ஒன்றும் புரியாவிட்டாலும் எஞ்சின் சத்தத்துக்குத் தலையாட்டுவார்கள். அதனால் பின் சீட்டுக்கு நாங்களும் செலவு செய்வதில்லை. என்றைக்காவது கார் வாங்கினால், ஐயா, பின்னால் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

நீங்கள் அடிக்காமல் கேட்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயர் பெலிக்ஸ். வத்தலக்குண்டு சாலையில் கார் யார்டு வைத்திருக்கிறேன். அப்பா வெங்காய மண்டிக்காரர். நான் பேசப் பழகியதே பேரத்தில்தான்.

அந்த வெள்ளைக் கார் சாணார்பட்டி செபஸ்தியம்மாள் டீச்சருடையது. ரிட்டையர் ஆகிவிட்டார், ஓட்ட ஆள் இல்லை. பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கி, டெலிவரி சீட்டில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்திலிருந்து வண்டியால் எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று அதில் இருக்கும். ஆர்.சி. மட்டும் டீச்சர் பெயரிலேயே கிடக்கும். நடுவில் என் பெயர் ஏறினால் 'ஒரே கை ஓட்டின வண்டி' என்று சொல்லி விற்க முடியாது. எனக்குத் தெரிந்த வியாபாரிகள் எல்லாரும் இப்படித்தான். விபத்து என்று வந்தால் கோர்ட் டீச்சரைக் கூப்பிடும், டீச்சர் சீட்டைக் காட்டி என்னைக் கை காட்டுவார். இன்சூரன்ஸ் இருந்தால் இருவருக்கும் வலிக்காது. ஆனால் அது எப்போதோ முடிந்திருந்தது. யார்டில் சும்மா நிற்கப்போகிற வண்டிக்கு நாங்கள் பிரீமியம் கட்டுவதில்லை. வாங்குகிறவன் கட்டிக்கொள்வான்.

வண்டியை யார்டுக்கு ஓட்டி வந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயில். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கிடா ஒன்று குறுக்கே பாய்ந்தது, அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒச்சாயி என்கிற அந்தம்மாவும் வந்துவிட்டார். நான் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், போதவில்லை. கிடா வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்க? என் கெடா எங்கலே?"

தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் தூக்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழையும்போதுதான் இன்சூரன்ஸ் நினைவுக்கு வந்தது. நடக்க முடியாமல் போன ஒருவருக்குக் கோர்ட் சொல்லும் தொகையைக் கொடுத்தால் யார்டும் போகும், வீடும் போகும், மகளின் காலேஜும் போகும். ஓரமாக நிறுத்தி இறங்கி, ஏஜென்ட் சகாயராஜுக்குப் போன் போட்டேன்.

"இன்சூரன்ஸ் முடிஞ்சுபோன ஒரு வண்டிக்குத் தேர்டு பார்ட்டி போடணும்ப்பா. இப்பவே."

"என்னண்ணே, நீங்களா பிரீமியம் கட்டுறீக? கோயில்ல மணியடிக்கச் சொல்லவா?"

"அடிச்சுக்க. எப்ப ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சுபோன வண்டில்ல, இன்னைக்குக் கட்டுனா நாளைக்குத்தான் கவர். அதுவரைக்கும் வண்டிய வெளிய எடுத்துராதீக."

அவன் சொன்னபடியே செய்தேன். யார்டுக்குப் பின்னால் பெயிண்ட் அடிக்கிற தகர ஷெட் இருக்கிறது. வண்டியை அதில் விட்டுக் கதவைச் சாத்தினேன். வேலையாட்களுக்கு அன்று லீவு கொடுத்து அனுப்பினேன். ஃபேன் போட்டேன். தலைக்கு ஒரு குஷன் வைத்தேன். டீயும் பன்னும் வாங்கிவந்து ஊட்டினேன். உபசாரத்தில் நான் குறை வைக்கவில்லை.

"ஆஸ்பத்திரி இதுவா? பெயிண்டு நாத்தமடிக்குது."

"டாக்டர் வெளியூர் போயிருக்காரு ஆத்தா. நாளைக்குத்தான் வருவாராம்."

"இம்புட்டுப் பெரிய ஊருக்கு ஒத்த டாக்டரா?"

வலி கூடும்போது முனகுவார், குறைந்தால் கிடாவைப் பற்றிப் பேசுவார். கணவர் போன பிறகு அய்யலூர் சந்தைக்கு அவரே ஆடு ஓட்டிப் போவாராம். செத்த கிடாவுக்கு நான் தரவேண்டிய விலையைப் பேசிவிட்டால் மனசு ஆறும் என்றார். "துண்டைப் போடுலே" என்றார்.

சந்தையில் வாயால் விலை சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள், பிடிக்கிற விரல் ஒவ்வொன்றும் ஓராயிரம். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் கைகள்மேல் போட்டேன். அவர் என் ஐந்து விரலையும் பிடித்தார், விட்டு மறுபடி ஐந்தையும் பிடித்தார். நான் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தேன். கேட்டதையே கொடுத்திருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"நீ யாவாரிதான்லே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. இப்போது தினமும் கேட்கிறேன். விலை முடிந்த பிறகும் அவர் கையை விடவில்லை. பிடிக்க வேறு எதுவும் அங்கே இல்லை.

விடிவதற்கு முன்னால் போனைப் பார்த்தேன். பாலிசி நடப்புக்கு வந்திருந்தது. அவருக்கும் உயிர் இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

"இன்னைக்குக் காலையில அடிபட்டதாச் சொல்லணும் ஆத்தா. நெறையப் பணம் வரும்."

"நேத்து இடிச்சதை இன்னைக்குன்னு எப்புடிலே சொல்றது? என் கெடா நேத்துல்ல செத்துச்சு?"

நயமாகத்தான் சொல்லிப் பார்த்தேன், ஐயா. ஆட்டு விலையில் இறங்கி வந்தவர் இதில் இறங்கவே இல்லை. துண்டு இன்னும் எங்கள் கைகள்மேல்தான் கிடந்தது. அதை எடுத்து மடித்து அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். இடது கையால்தான். வலது கையை அவர் பிடித்திருந்தார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதே ரோட்டில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இருட்டில் குறுக்கே வந்துவிட்டார் என்றேன். செத்துக் கிடக்கிறது என்று நாங்கள் இருவரும் விலை பேசிய கிடா, முந்தின நாள் பொழுது சாயும்போதே நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நீங்கள் சொன்னபோதுதான் தெரியும். அதைப் பார்த்து ஊரே டார்ச்சோடு அந்த ரோட்டில் நடுச்சாமம் வரைக்கும் தேடியும் அவர் அங்கே இல்லையாமே. நான் காரோடு பிழைப்பவன். சாவி இல்லாமல் ஒன்று தானாக வீடு போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வலது கையை ஏன் மடிக்குள்ளேயே வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். மேசைமேல் வைத்தால் விரலைப் பிடிக்கிறார். பேசி முடித்த விலைக்கு மேல் ஒரு விரல் கூட வைத்துப் பிடிக்கிறார். மறுநாள் இன்னொன்று. நான் உருவிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

இருக்கட்டும். ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு மகன், அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் ஆயுளுக்கும் பார்க்காத பணம் இன்சூரன்ஸில் வரும். நான் சொன்னதை நீங்கள் எழுதிவிட்டால் கம்பெனி பைசா தராது. ராத்திரி முழுக்க அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குடும்பத்துக்கு நான் வழி பண்ணி வைத்தேன், நீங்கள் ஒரு கையெழுத்தில் அதைப் பிடுங்கப் போகிறீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள், ஐயா. அந்தம்மாவுக்குத் துரோகம் செய்வது நம் இருவரில் யார்?