ரம்ப மேசையில் ஈர வட்டம்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலி இப்போதே முறியட்டும்... பார்த்தீர்களா, முறியவில்லை. கிட்ட வந்து உட்காருங்கள். கதவுப் பக்கம் யாரும் முதுகைக் காட்ட வேண்டாம். காரணமாகத்தான் சொல்கிறேன்.

இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. தச்சர்.

விடிகாலை ஐந்தே முக்கால். மரக்கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. மழை விட்டு அரை மணிகூட ஆகவில்லை. ஆள் இல்லை. நாய் இல்லை. சித்தப்பாவின் சைக்கிள் சங்கிலி மட்டும்... கடக்... கடக்... பட்டறைக் கதவைத் திறந்தார். ஈர மரத்தூள் வாசனை. விளக்கைப் போட்டார்.

ரம்ப மேசைமேல் ஒரு வட்டம். துரு. டம்ளரின் அடி எவ்வளவோ அவ்வளவு.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் வட்ட ரம்பம் சுழலும். சுற்றிலும் வழவழவென்று வார்ப்பிரும்பு. அதற்கு ஈரம் ஆகவே ஆகாது. வியர்த்த கையை ஊன்றினால் போதும், மறுநாள் ஐந்து விரலும் துருவாக எழுந்து நிற்கும். அதனால் சித்தப்பா தினமும் சாயங்காலம் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசினைத் துடைப்பார். துரு கண்ணில் பட்டால் நைஸ் உப்புத்தாள். பிறகு மெழுகு. பூசி, காயவிட்டு, பழைய பனியனால் தேய்ப்பார். எண்ணெய் பூச மாட்டார். அது பலகையில் ஏறிப் பாலிஷைக் கெடுத்துவிடும். தெருவில் அவருக்குப் பெயரே மெழுகார். "என் மூஞ்சியை ஒரு நாள் இப்படிப் பார்த்திருப்பாரா?" என்பாள் அவர் பெண்டாட்டி.

பட்டறைக்கு இரண்டே சாவி. ஒன்று சித்தப்பாவிடம். இன்னொன்று பெண்டாட்டியின் தம்பியிடம். இரண்டு பேரும் பத்து வருஷம் பிறத்தியாரிடம் கூலிக்கு நின்று, பிறகு கூட்டாகப் போட்ட பட்டறை அது. அன்று மச்சினன் உள்ளே நுழைந்ததும் சித்தப்பா கேட்டார்.

"டேய் மாப்ளே, டீ டம்ளரை எங்கடா வெச்சே?"

"தரையில அத்தான்."

"அப்போ இது என்ன, பௌர்ணமியா?"

"சத்தியமா நான் வைக்கல அத்தான்."

சித்தப்பா தேய்த்தார். மெழுகு போட்டார். மறுநாள் காலை இன்னொரு வட்டம்... முதல் வட்டம் இருந்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி. மூன்றாம் நாள் மூன்றாவது. அதுவும் நாலு விரல் தள்ளி. எல்லாம் ஒரே வரிசையில், பலகையைத் தள்ள சித்தப்பா நிற்பாரே, அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தன. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை. அவர் கண் முழுக்க மச்சினன்மேல்.

வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். டீ வாசனை. டீ குடித்தவன் வாயில் வேறென்ன வரும்? ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் மூக்குகூட நம் பேச்சைக் கேட்காது.

"சாவியைக் கொடு. நாளைக்கும் வட்டம் இருந்தா, உன் வழி வேற, என் வழி வேற."

அன்று வீட்டில்... பாத்திரங்கள் மட்டும் பேசின.

சாயங்காலம் சித்தப்பா ஒரு வேலை செய்தார். மேசையை மெழுகிட்டு, சன்னமான மரத்தூளைச் சல்லடையில் சலித்துப் பட்டறைத் தரை முழுக்கத் தூவிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார். பூட்டினார். இரண்டு சாவியும் இடுப்பில். வீட்டில் மச்சினனின் மணிக்கட்டில் ஒரு கயிறு. மறுமுனை தன் மணிக்கட்டில். அப்படியே தூங்கினார்கள். தூங்கினார்கள் என்று சொல்கிறார்கள்.

விடிந்ததும் கயிற்றோடேயே இரண்டு பேரும் நடந்தார்கள். சைக்கிள் ஓட்ட முடியாதே.

பூட்டு பூட்டியபடி. கதவைத் திறந்தார். மரத்தூளில்... பூனைக் கால்கூடப் பதியவில்லை. தூவியது தூவியபடி. ஓரமாகக் கால் வைத்து மேசைக்குப் போனார்கள்.

மேசையின் விளிம்பு. சித்தப்பாவின் வயிறு படுகிற இடம். அங்கே ஒரு வட்டம்.

துரு இல்லை. இன்னும் துருவாகவில்லை. தண்ணீர். மெழுகின்மேல் முத்து முத்தாக நின்றது.

சித்தப்பா விரலை வைத்தார்...

சூடாக இருந்தது.

மச்சினன்தான் வாயைத் திறந்தான்.

"அத்தான்... கயித்தை அவுத்து விடுங்க."

சித்தப்பாவுக்கு முடிச்சு கைக்கு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். இடுப்பிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது. சாவிதான் வந்தது.

"இனிமே அந்த மெஷின் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்" என்றான் மச்சினன்.

"நான் மட்டும் நிப்பேனா?"

மத்தியானத்துக்குள் ரம்பத்தை மேசையோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்தப் பட்டறையில் வட்டம் விழவில்லை. இரண்டு பேரும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள், கைரம்பத்தால் அறுத்துக்கொண்டு.

வட்டம் போட்டது யார் என்கிறீர்களா? எனக்கெப்படித் தெரியும்?

இரும்பு விலைக்கு எடை போட்டு அந்த ரம்பத்தை வாங்கியவன் நான்தான். இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது.