நெடுங்கழுத்தன் எந்தக் குடும்பம்?

பேசிக் களைத்தவளைப் பேச அழைத்த பெருந்தன்மை மிக்க அவைத்தலைவர் அவர்களே! அருங்காட்சியக இயக்குநர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்ற நினைப்போடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கல்தூசியில் தோய்ந்து தோள் கொடுத்த எலும்புப் பட்டறைத் தோழர்களே! கதவோரம் நின்றபடி எப்போது முடிப்பாள் என்று பார்க்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னைச் சிகரம் என்றார்கள், சுடர் என்றார்கள். இந்த மேடைக்கு ஏறப் படிகள் கொஞ்சம்தான். அதற்கே இருமுறை நின்று மூச்சு வாங்கினேன். சிகரம் மூச்சு வாங்குமா? நீண்ட கழுத்தைப் பற்றியே நினைத்து நினைத்து என் கழுத்துதான் தேய்ந்திருக்கிறது.

என்ன, கேட்கவில்லையா? ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டுங்கள் தம்பி. என் குரலைக் கூட்ட முடியாது, இருப்பதே இவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் ஒரு விலங்கின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் செல்லாது. அந்த விலங்குக்குப் பெயர் சூட்டியது நானும் அல்ல, என் அண்ணியும் அல்ல. ஆமாம், கைதட்டிய பிறகு சொல்கிறேன். விழாக் குழுவினர் முகம் வாட வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்பளியுங்கள்.

என் அண்ணனுக்கு வாய்த்த மனைவியும் எலும்பு ஆராய்பவர், நானும் எலும்பு ஆராய்பவள். ஒரே வீடு, ஒரே பட்டறை, ஒரே மேசை விளக்கு. சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றிலிருந்து சாக்குத்துணியும் சாந்தும் சுற்றிய பெரும் பாறைத் துண்டுகள் லாரியில் வந்து இறங்கின. உள்ளே கழுத்தும் முதுகும் வாலும் ஒரே வரிசையில் கிடந்த ஒரு பேருயிர். நின்றால் நம் மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிக்குள் தலையை நீட்டிப் பார்த்திருக்கும். எங்கள் அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஒருநாள் பட்டறைக்கு வந்து, வரிசையாக வைத்த கழுத்தெலும்புகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது என்னடி, ஒட்டடைக்குச்சி மாதிரி!" அன்றிலிருந்து வீட்டில் அதற்கு ஒட்டடைக்குச்சி என்றே பெயர்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்தோம். சண்டை பிறகுதான் வந்தது.

என்ன சண்டை? சொத்துச் சண்டையா? சோற்றுச் சண்டையா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் செத்துப்போன ஓர் உயிர் எந்தக் குடும்பம் என்ற சண்டை! அந்தக் கழுத்தெலும்பு ஒவ்வொன்றின் மேலும் நிற்கும் முள், கவட்டைபோல இரண்டாகப் பிளந்திருந்தது. நெடுங்கழுத்து டைனோசர்களில் அப்படிப் பிளந்த முள்ளுக்குப் பேர்போன ஒரு பெருங்குடும்பம் உண்டு. பட்டறையில் நாங்கள் அதைக் கவட்டைக் குடும்பம் என்போம். பார்த்தவுடன் நான் சொன்னேன், இது அந்தக் குடும்பத்துப் பிள்ளை, பெயர் வைத்து வெளியிடலாம் என்று.

அண்ணி தலையசைக்கவில்லை. "ஜாடை ஒண்ணா இருந்தா சொந்தம்னு ஆயிடுமா? கவட்டை முள்ளு ரெண்டு குடும்பத்துல தனித்தனியா வந்திருக்கலாம். வாலோட ஆரம்பத்தைப் பாக்கணும்."

"வால் அந்தக் கடைசிப் பாறையில மாட்டியிருக்கு அண்ணி. இரும்பு மாதிரி கல்லு. எப்ப திறக்கறது?"

"திறக்கறப்போ திறக்கட்டும்."

சோற்றைப் பிசையும்போது இந்தப் பேச்சு, துணி மடிக்கும்போது இந்தப் பேச்சு. அண்ணன் நடுவில் அமர்ந்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு அடிச்சுக்கோங்க, ரசம் ஆறுது" என்பார். எங்கள் இருவருக்கும் நடுவே பாலமாக இருந்த அந்த மனிதர், ஒரு மழைக்காலத்தில், மார்வலி என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்.

பாலம் போன பிறகு இரு கரைகளும் என்ன செய்யும்? வீட்டில் பேச்சு குறைந்தது. பட்டறையில் வேலை கூடியது. அதிர்ந்து அதிர்ந்து கல்லைப் பொடியாக்கும் காற்றூசி ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு அண்ணி அந்தக் கடைசிப் பாறையின் முன் உட்கார்ந்தார். காலை முதல் மாலை வரை குடைந்தால் நகக்கண் அளவு கல் உதிரும். வருகிறவர்கள் கேட்பார்கள், போகிறவர்கள் கேட்பார்கள், பெயர் வைத்தாயிற்றா, பெயர் வைத்தாயிற்றா என்று! இயக்குநர்கள் மாறினார்கள், கூரை ஒழுகி நின்றது, மறுபடியும் ஒழுகியது. அண்ணி மட்டும் குடைந்துகொண்டே இருந்தார். நாங்கள் மனதுக்குள் ஒரு பெயர் முடிவு செய்திருந்தோம். அதுதான் உங்கள் பதாகையில் இருப்பது. மெல்லக் குனிவது என்று பொருள். சொல்லை உச்சரிக்கச் சொல்லாதீர்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

பிறகு ஒரு பிற்பகல் தொலைபேசி ஒலித்தது. வேறோர் ஊர்ப் பேராசிரியர். நல்ல மனிதர், நிதானமான குரல்.

"அம்மா, வேற யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எங்க பக்கத்து மலையில சில கழுத்தெலும்பு கிடைச்சுது. பேர் வச்சு வெளியிட்டுட்டோம். இன்னைக்குத்தான் உங்க எலும்போட படத்தைப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு தோணுது."

பின்வரிசை ஐயா கேட்கிறார், தோன்றினால் போதுமா என்று. போதாது. அவர் தம் எலும்பின் அச்சு ஒன்றைத் துணியில் சுற்றிக் கைப்பிள்ளைபோல மடியில் வைத்து ரயிலில் வந்தார். எங்கள் எலும்பின் பக்கத்தில் வைத்தோம். அதே கவட்டை, எலும்பின் பக்கவாட்டில் அதே காற்றுக்குழி, குழிக்குள்ளே வேறெந்த விலங்கிலும் காணாத அதே சாய்ந்த வரம்பு. எங்கள் துறையில் சட்டம் ஒன்றே ஒன்று: ஓர் உயிருக்கு முறைப்படி முதலில் வெளியான பெயரே பெயர். கூடுதலாக உழைத்தோம் என்றால் கேட்காது, அழுதாலும் கேட்காது. அவர் வைத்த பெயருக்கு மேகம் மேய்வது என்று பொருள். அழகான பெயர். நான் பொறாமைப்படும் அளவுக்கு அழகான பெயர்.

அன்று மாலை வீட்டில் நான் வெடித்தேன். "உங்க பொறுமையால பேரே போச்சு அண்ணி! பெத்தது நாம, பேர் வச்சது அடுத்த வீட்டுக்காரர்!"

அண்ணி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பினார். "யார் பேர் வச்சா என்ன, கூப்பிட்டா எழுந்து வரவா போகுது? அவர் அதைக் கவட்டைக் குடும்பத்துல சேத்திருக்கார். அது சரியா தப்பான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கு அதான் வேணும்."

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் மறுநாளும் பட்டறைக்குப் போனார்.

அன்புத் தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். பரிசு போன பிறகும் பந்தயம் ஓடுவாரா ஒருவர்? பார்ப்பதற்கு ஆளில்லாத பாறையை, பாராட்டுவதற்கு நாவில்லாத வேலையை, பெயரும் பறிபோன பிறகு, ஒரு பெண் எதற்காகக் குடைய வேண்டும்? அன்று எனக்கு விடை தெரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை. அசதி, அசதி, எலும்புவரை இறங்கிய அசதி.

அந்தக் காற்றூசியின் அதிர்வு அண்ணியின் கைகளைத் தின்றிருந்தது. விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. ஒரு காலையில் தேநீர்க் குவளை கையிலிருந்து நழுவியது. விழுந்து உடைந்த சத்தம் கேட்டுத்தான் நழுவியது அவருக்கே தெரிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்."

"அவங்க வீட்டுக்காரர்?"

"என் அண்ணன். இறந்துட்டார்."

"பிள்ளைங்க?"

"இல்ல."

"அப்ப சொந்தம்னு யாரும் இல்லையா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணி கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "ஏம்மா, எதிர்ல நிக்கறாளே, அவ கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

அவையோரே, அதற்கு முன் பல வாரங்களாக நாங்கள் இருவரும் உப்பு இருக்கிறதா, சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினேன்.

அண்ணியின் கைகள் இனி ஊசி பிடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஊசியை நான் எடுத்தேன். அண்ணி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இடது பக்கம் போ", "அழுத்தாத", "மூச்சு விடுடி, எலும்பு ஓடிடாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கல் உதிர்ந்தது. மெல்ல உதிர்ந்தது. மேலும் உதிர்ந்தது. கடைசியில் ஒருநாள் வாலின் தொடக்கத்து எலும்பு, இடுப்பிலிருந்து சற்றே விலகியபடி, வெளிச்சத்துக்கு வந்தது. அண்ணி உணர்வு குறைந்த தம் விரல்களை விட்டுவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"முன்னாடி குழி," என்றார். கையை நகர்த்தினார். "பின்னாடி குமிழ்."

கவட்டைக் குடும்பத்து விலங்கின் வால் அப்படி இருக்காது. முன்னே குழியும் பின்னே குமிழுமாக வாலெலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்பது முற்றிலும் வேறொரு பெருங்குடும்பத்தின் அடையாளம். வாலோடு நிற்காமல் இடுப்பையும் பார்த்தோம், கால்களையும் பார்த்தோம், ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டின. கழுத்தின் கவட்டை வெறும் ஜாடை. தனியாக வந்த ஜாடை.

நான் காத்திருந்தேன், நான்தான் சொன்னேனே என்று சொல்லப் போகிறார் என்று. சொல்லவில்லை. "அந்தப் பேராசிரியருக்கு முதல்ல போன் பண்ணு. வேற யார் வாயாலயும் அவர் இதைக் கேக்கக் கூடாது" என்றார்.

போட்டேன். சொன்னேன். அவர் மெல்லக் கேட்டார், "அப்ப என் பிள்ளை என் பிள்ளை இல்லையா அம்மா?"

அண்ணி என் கையிலிருந்து தொலைபேசியை இரண்டு கைகளாலும் வாங்கினார். "உங்க பிள்ளைதான் ஐயா. நீங்க வச்ச பேர்தான் என்னைக்கும். குடும்பம்தான் வேற." அந்தப் பக்கம் அவர் சிரித்தார். இந்தப் பக்கம் இவர் சிரித்தார். நான் மட்டும் அழுதேன். அழுகையும் அசதியில் பாதியிலேயே நின்றுவிட்டது.

பெரியோர்களே! பெயர் என்பது நாம் கொடுப்பது. உறவு என்பது நாம் கண்டுபிடிப்பது. கொடுத்ததற்குக் கைதட்டு உண்டு, கண்டுபிடித்ததற்கு இல்லாமலும் போகலாம். ஒரு பெயரை ஒரு பகலில் வைத்துவிடலாம். இவன் யார் வழி, யாரோடு சேர்ந்தவன், எங்கே பிரிந்தவன் என்று சொல்ல ஓர் ஆயுள் வேண்டும், ஓர் ஆயுளின் உடம்பு வேண்டும், உடம்பில் ஒரு ஜோடிக் கைகள் வேண்டும்! அந்தக் கைகளைக் கொடுத்தவர் இந்த மேடையில் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். புறப்படும்போது நானும் கேட்டேன். "கைதட்டுச் சத்தம் கேட்டா எனக்குத் தலைவலிக்கும். நீ போய்ட்டு வா. பேரைத் தப்பா சொல்லிடாத, அவர் பேரையே சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார்.

சொல்லிவிட்டேன் அண்ணி.

அந்த விலங்கு இனி மேகம் மேய்வது என்றே அழைக்கப்படும். அதைத் தன் இனத்தோடு சேர்த்த கட்டுரையில், பேராசிரியரின் முழுச் சம்மதத்தோடு, இரண்டு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அண்ணியின் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

இவ்வளவு நேரம் இந்தத் தளர்ந்த குரலுக்குச் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி. நாற்காலி எடுத்துப் போட்டவருக்கு நன்றி, தண்ணீர் கொண்டுவந்தவருக்கு நன்றி. பொறுத்திருந்து கேட்ட அவைக்கு வணக்கம் கூறி அமர்கிறேன். அமர்வது எனக்கு மிகவும் தேவையாக இருக்கிறது.