போர்டை மறைத்த தலை

ரஞ்சன்குடி கோட்டை ஸ்டாப்பில் ஏறியவர்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அப்பா, அம்மா, பத்து வயதில் ஒரு பெண். பஸ் பெரம்பலூர் பக்கம் கிளம்பியதுமே அந்தப் பெண் கேட்டாள்.

“அப்பா, கோட்டையில நடந்த அந்தச் சண்டையில நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?”

“நம்ம முப்பாட்டன் சண்டை போட்ட கோட்டை பாப்பா அது. தோப்போமா?”

“யாரோட சண்டை? நாளைக்கு மிஸ் எழுதிட்டு வரச் சொன்னாங்க.”

“வாசல்ல அவ்ளோ பெரிய போர்டு இருந்துச்சே, படிக்கலையா?”

“நீதான் போட்டோவுக்கு அது முன்னாடியே நின்ன. எங்க படிக்கிறது?”

“ஏங்க, போன்ல பாருங்க. இருவது போட்டோ எடுத்திருக்கேன்” என்றார் அம்மா.

பெண் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் படித்தாள்.

“‘ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கு நடந்த போரில் வெற்றி பெற்றவர்கள்’... அதுக்கப்புறம் அப்பா தலை.”

“அடுத்தத பாரு.”

“அதுலயும் தலைதான்.”

இருபதையும் தள்ளிப் பார்த்தார்கள். கோட்டை கொஞ்சம், தலை நிறைய.

“அப்பா, ஒரு பக்கம் இங்கிலீஷ்காரன், இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரன். இதுல நம்ம முப்பாட்டன் யாரு?”

அப்பா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு தெம்பாகத் திரும்பினார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை கங்கைகொண்டசோழபுரம் போறோம். அங்க சந்தேகமே இல்ல, ஜெயிச்சது நாமதான்.”

“அங்கயும் போர்ட நல்லா மறைச்சு நில்லுங்க” என்றார் அம்மா. “இவ படிச்சிட்டா அங்கயும் கேப்பா.”