மாலை போட்டவனுக்குச் சமைத்தவன்

ஈரத்துண்டைப் பாய்மேல் போடுகிறவனோடு ஒரே அறையில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை, ஐயா. ராஜவேலு அப்படித்தான். செல்போனைச் சத்தமாக வைத்துப் படம் பார்ப்பான். குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் பிடித்து வைக்க மாட்டான். முன்பு அறையில் இருந்தவர்களெல்லாம் நான் ஓயாமல் குறை சொல்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் இவனிடம் நான் வாயே திறக்கவில்லை. துண்டை நானே எடுத்துக் காயப்போட்டேன்.

மலையடிவாரத்து டிபன் கடையில் நான் மாஸ்டர். நாள் முழுக்க ஊருக்கே பொங்கிப் போடுகிறேன். நன்றாயிருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. ராஜவேலு சொல்வான். "இந்தக் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்ணா" என்பான். அந்த ஒரு பேச்சுக்காக எத்தனை துண்டை வேண்டுமானாலும் காயப்போடலாம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டு மாலை போட்டான். மாலை போட்டவன் கடையில் கை நனைக்க மாட்டான். நான் குளித்துவிட்டுச் சமைப்பதுதான் அவனுக்கு ஒருவேளைச் சாப்பாடு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் சொன்னான்.

"காவடி எறக்கிட்டு பொதட்டூர்பேட்டைக்கே போயிடறேன்ணா. கட்டிக்கப்போற மோனிஷா வூட்ல தறி ஓட்டிகினு அங்கியே இருக்கச் சொல்றாங்க."

"ஆங், நல்லதுதானே" என்றேன்.

முருகன் படத்துக்கு நாங்கள் சாத்துவது அரளிப்பூ. செடி பின்பக்கமே இருக்கிறது. ரசத்தில் கொஞ்சம்தான் சேர்த்தேன். படுத்துவிட்டால் பயணம் தள்ளிப்போகும் இல்லையா. வாந்தி எடுத்தான், தலைசுற்றி விழுந்தான். வீட்டுக்கார எல்லம்மாள் எட்டிப்பார்த்து, "வெரதம்னா சும்மாவா, அப்டிதான் இருக்கும்" என்று போய்விட்டார். நான்தான் வாய் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். அதுவரை யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியதில்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள், "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போணா" என்றான். போயிருக்கலாம், ஆட்டோ தெருமுனையிலேயே நின்றது. ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மோனிஷா வீட்டார் வந்து அப்படியே கூட்டிப்போய்விடுவார்கள். இன்னொரு டம்ளர் ரசம் கொடுத்தேன். இந்தத் தடவை கொஞ்சமாகச் சேர்க்கவில்லை. மிச்சம் வைக்காமல் குடித்தான்.

காலையில் அவனைப் போர்த்திவிட்டு, அவன் வேண்டுதல் நின்றுபோகக்கூடாது என்று காவடியை நானே மலையேற்றிச் செலுத்தினேன். இறங்கி வந்தபோது அறை வாசலில் போலீஸ் ஜீப்போடு நீங்கள் நின்றிருந்தீர்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள் ஐயா. அவனை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எல்லம்மாளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: நான் திரும்பி வருவதற்குள் அறைக்கு வேறு ஒரு பையனைப் பார்த்து வைக்கட்டும். சமைக்கத் தெரியாதவனாக இருந்தால் நல்லது.