மணலில் இறங்கிய காற்று

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ். முன் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட ஜீப் டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்த தன் மச்சானிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"டயர்ல காத்தைக் குறைச்சாத்தான் வண்டி நகரும்னேன் மச்சான். மொதலாளி என்னையப் பைத்தியக்காரன்னுட்டாரு."

"எங்க வச்சு?"

"செண்பகத்தோப்பு ஓடையில. அவரு தோப்புல வேலை பாத்த பொம்பளையப் பாம்பு கடிச்சிட்டு. ஜீப்புல ஏத்திக்கிட்டு வாரோம், மணல்ல பொதைஞ்சு போச்சு. 'நல்லா மிதிலே'ங்காரு. மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழ போகுது. பின்னால அவளுக்குக் கண்ணு சொருகுது."

"பொறவு?"

"'புது டயரு, காத்தை எறக்குனா கெட்டுப்போவும்'ங்காரு. உசுரு பெருசா, டயரு பெருசா? அவரு கத்தக் கத்த நாலு டயர்லயும் பாதிக் காத்தை எறக்குனேன். டயரு சப்பையாகி மணலைப் பிடிச்சிச்சு. மெதுவா ஏறி வந்துட்டோம்."

"அந்தப் பொம்பள?"

"பொழைச்சிக்கிட்டா. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட, 'நான்தான் காத்தை எறக்கச் சொன்னேன்'ங்காரு. நான் பக்கத்துலதான் நிக்கேன்!"

மச்சான் சிரித்தார். "பெரிய மனுசன்லா!"

"அதோட விட்டாரா? இன்னைக்குக் காலையில மதுரைக்குக் கெளம்புதோம். 'பாதிக் காத்தை எறக்கிருலே, வண்டி நல்லா ஓடும்'ங்காரு, தார் ரோட்டுக்கு!"

"நீ என்ன சொன்ன மாப்ள?"

"சாவிய அவரு கையில குடுத்தேன். 'நீங்களே எறக்கிட்டு, நீங்களே ஓட்டிட்டுப் போங்க மொதலாளி'ன்னுட்டு வந்துட்டேன்."